காட்டு வழிக்கு ஒரு கத்தி

மனிதன் ஆக்கிக்கொண்ட கருவிகளுள் மிகத் தொன்மையானவற்றை எண்ணினால், வெட்டும் கருவியே முன்வந்து நிற்கும். சென்னைக்கு வடமேற்கே உள்ள அத்திரம்பாக்கத்தில் கண்டெடுக்கப்பட்ட கற்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று ஆய்வாளர் கணித்திருக்கின்றனர். கல்லின் விளிம்பைக் கூராக்கிக்கொண்டு காட்டில் வாழ்ந்த அந்த மாந்தர்க்கும், விடுமுறை நாளில் முதுகுப் பையைச் சுமந்துகொண்டு மலையேறப் புறப்படும் நமக்கும் இடையே உள்ள காலம் மிக நீண்டது. எனினும், வழி தவறிய இடத்தில் இருளும் மழையும் ஒருங்கே சூழ்ந்துகொண்டால், அவர்கள் நிலையும் நம் நிலையும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த வேளையில் கையிலுள்ள கத்தி நம்பத் தக்கதா, அன்றா என்பது சிறிய கேள்வி அன்று.

பணியின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவருள் பலர், தாம் அறியாமலே காட்டின் வாயிலில் வாழ்கின்றனர். புனேயில் இருப்போருக்குச் சகியாத்திரி மலை கூப்பிடு தூரம். தில்லியில் இருப்போர் ஓர் இரவுப் பயணத்தில் இமயத்தின் அடிவாரத்தை அடைந்துவிடுகின்றனர். ஜாம்ஷெட்பூரில் வாழ்வோர்க்குத் தால்மா மலை கண்ணெதிரே தோன்றுகின்றது. கௌகாத்தியில் நகரைச் சூழ்ந்தே குன்றுகளும் காடுகளும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் கல்லூரித் தோழரோடு சேர்ந்து இம்மலைகளில் ஏறப் புறப்படும்போது, கடைவீதியில் பளபளக்கும் ஒரு கத்தியை வாங்கிப் பையில் இட்டுக்கொள்கின்றனர். அதை எவ்வாறு தெரிந்தெடுப்பது, எவ்வாறு கையாள்வது என்று அவர்களுக்குச் சொல்வோர் பெரும்பாலும் இல்லை. ஆகவே இன்று அப்பொருள் பற்றி நாம் சிறிது சிந்திப்போம்.

முதலில், காட்டில் கத்தியின் வேலை யாது என்பதில் தெளிவு வேண்டும். கரடியோடும் சிறுத்தையோடும் போரிடுவதற்கு அது அன்று. அவ்வாறு எண்ணி எடுத்துச் செல்பவர் கதைகளையும் திரைப்படங்களையும் மிகுதியாக நம்பியவராவர். விலங்கினிடமிருந்து காப்பது ஓசையும் வெளிச்சமும் கூட்டமும் விலகி நடத்தலுமே. கத்தி செய்யும் பணி வேறு. கயிற்றை அறுத்தல், துணியைக் கிழித்துக் கட்டுப் போடுதல், முளைக்குச்சி சீவுதல், மழையில் நனைந்த விறகைப் பிளந்து உள்ளே உலர்ந்திருக்கும் பகுதியை வெளிக்கொணர்தல், மூங்கிலைப் பிளத்தல், காய்கறி நறுக்குதல் ஆகிய எளிய செயல்களே அதன் கடமை. ஆனால் இவ்வெளிய செயல்களின் மீதே சில வேளை உயிர் நிற்கின்றது. குளிர் மிகுந்த மலையில் நனைந்த உடையோடு இரவைக் கழிக்க நேர்ந்தவனுக்கு, உலர்ந்த ஒரு பிடி சீவல் பெருஞ்செல்வமாகும்.

இனி, நம் நாட்டின் பல பகுதிகளிலும் வழங்கும் கத்திகளை நோக்குவோம். அவை ஒன்றுபோல் இல்லை; இல்லாமைக்குக் காரணமும் உண்டு. ஒவ்வொரு நிலமும் தனக்கு ஏற்ற கத்தியைத் தானே வடித்துக்கொண்டிருக்கிறது.

நேபாளத்திலும் டார்ஜிலிங், டேராடூன் பகுதிகளில் வாழும் கூர்க்கர்களிடமும் வழங்குவது குக்ரி. அதன் அலகு நடுவில் முன்நோக்கி வளைந்திருக்கும். எடை முழுவதும் அவ்வளைவுக்கு அப்பால் மிகுந்து நிற்பதால், வீசும்போது கோடரிபோல் இறங்குகின்றது. வளைவின் காரணமாகக் கூர் மரத்தைச் சாய்வாகச் சந்திப்பதால், வெட்டும்போதே அறுக்கவும் செய்கின்றது. இதனைக் காட்டிலும் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. முறையாகச் செய்த குக்ரியின் உறையில் மேலும் இரு சிறு கருவிகள் செருகப்பட்டிருக்கும். ஒன்று ‘கர்தா’ எனப்படும் சிறு கத்தி. மற்றொன்று ‘சக்மக்’ எனப்படும் கூரில்லாத எஃகு. சிறு கத்தி நுண்ணிய வேலைக்கு. மற்றது கூரைச் சீராக்கவும், கல்லோடு தட்டித் தீப்பொறி எழுப்பவும். பெரிய கத்தியால் எல்லாம் ஆகாது என்பதை அம்மலைவாழ் மக்கள் நன்கு அறிந்திருந்தனர்.

வடகிழக்கு மாநிலங்களில் வழங்கும் ‘தாவ்’ வேறு வகை. நாகர்களின் தாவ் நுனிப்பக்கம் அகன்றிருக்கும். அலகின் ஒரு பக்கம் தட்டையாகவும் மற்றொரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டப்பட்டும் இருக்கும். நம் தச்சரின் உளியை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். மூங்கிலே வீடும் வேலியும் கலமும் ஆகிய நாட்டில், மூங்கிலை நார் நாராகப் பிளக்க ஏற்ற அமைப்பு இது. ஆயின் ஒரு புறமே சாய்வுடைய கத்தி வலக்கைக்கு ஒருவாறும் இடக்கைக்கு ஒருவாறும் அமையும். இடக்கைப் பழக்கமுள்ளோர் வாங்கும்போது இதனைக் கருதுதல் வேண்டும்.

குடகு நாட்டில் ஒடிக்கத்தி என்னும் அகன்ற வளைகத்தியை முதுகுப்புறத்தில் பித்தளைக் கொளுவியில் மாட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. மராட்டிய நாட்டின் ‘கோயத்தா’ கரும்பு வெட்டுவதற்கு உரியது. ஜார்க்கண்டின் ஆதிவாசி மக்கள் ‘டாங்கி’ என்னும் சிறு கோடரியைத் தோளில் சார்த்தி நடக்கின்றனர். நம் தமிழகத்திலோ வேலைக்கு ஒரு வெட்டுங் கருவி உண்டு. நெல்லறுக்கக் கருக்கரிவாள், முள் வெட்டக் கொடுவாள், பனை சீவப் பாளையரிவாள், அடுக்களைக்கு அரிவாள்மணை. இவ்வரிவாள்மணையை வங்காளத்தில் ‘பொண்ட்டி’ என்றும் மராட்டியத்தில் ‘விளி’ என்றும் வழங்குவர். புதிதாகக் குடியேறிய ஊரின் சமையலறையில் அதனைக் கண்டு, நம் வீட்டுப் பொருளைக் கண்டாற்போல் நம் பெண்டிர் மகிழ்வதுண்டு.

இதிலிருந்து பெறும் முதற்பாடம் இது: நாம் வாழும் நாட்டுக் கொல்லர் அந்நாட்டு மரத்துக்கும் மூங்கிலுக்கும் ஏற்றவாறு செய்யும் கத்தியை முதலில் மதித்தல் வேண்டும். கடல் கடந்து வந்ததென்றும், படைவீரர் பயன்படுத்துவதென்றும் கூறி விற்கப்படும் பற்கள் நிறைந்த பயங்கரமான கத்தியைக் காட்டிலும், உள்ளூர்ச் சந்தையில் கிடைக்கும் எளிய கத்தி பெரும்பாலும் மேலானது. இரண்டாம் பாடம், பெரிதொன்றும் சிறிதொன்றுமாக இரு கத்திகள் இருத்தல் நலம் என்பது. எனினும் ஒன்றே எடுத்துச் செல்ல இயலுமாயின், நடுத்தர அளவுள்ள ஒன்றே போதும். அதன் இலக்கணத்தை இனிக் கூறுவோம்.

அலகின் நீளம் 4 முதல் 5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 10 முதல் 13 சென்டிமீட்டர் வரை இருப்பது எல்லா வேலைக்கும் ஒத்துவரும். இதனினும் நீண்டால் நுண்ணிய வேலைக்கு இடையூறு. குறைந்தால் விறகு பிளக்க இயலாது. முதுகின் தடிப்பு 3 அல்லது 4 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். மெல்லிய அலகு காய் நறுக்க இனிது. கட்டையில் சிக்கினால் வளையும் அல்லது முறியும். மிகத் தடித்த அலகோ ஆப்பேயன்றிக் கத்தி ஆகாது. கூர் ஒரு பக்கம் மட்டும் இருத்தல் வேண்டும். இரு பக்கமும் கூருள்ளது குத்துவாள்; அதன் முதுகில் கட்டை விரலை வைத்து அழுத்தவும் இயலாது, தடியால் தட்டி விறகைப் பிளக்கவும் இயலாது.

அடுத்து நோக்க வேண்டியது, கண்ணுக்குத் தெரியாத பகுதி. அலகின் இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் செல்கின்றது என்பதே கத்தியின் உயிர்நிலை. சில கத்திகளில் இரண்டு அங்குலம் உள்ளே சென்று நின்றுவிடும். மேலே அழகிய பிடி அதனை மறைத்திருக்கும். விறகில் நாலு தட்டுத் தட்டினால் பிடி வேறு, அலகு வேறு ஆகிவிடும். அலகின் அகலத்துக்கே இரும்பு பிடியின் கடைசிவரை சென்று, இரு புறமும் மரம் வைத்து ஆணி அறைந்து முடுக்கியிருப்பதே உறுதியானது. பிடியின் ஓரத்தைப் பார்த்தால் மரத்துக்கு நடுவே இரும்பு கோடுபோல் ஓடுவது தெரியும். மடக்குக் கத்தி பையில் அடங்கும். பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் உதவும். ஆயின் அதன் மடிப்பே அதன் பலவீனம். அதனைத் துணைக் கத்தியாக வைத்துக்கொள்ளலாமே அன்றித் தலைமைக் கத்தியாகக் கொள்ளுதல் ஆகாது.

இனி, உலோகம் பற்றிச் சிறிது. கத்தி எஃகை இரு பெரும் பிரிவாகக் கூறலாம். ஒன்று கரி எஃகு. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1 பங்கு வரை கரி கலந்திருக்கும். எளிதில் தீட்டலாம், நன்கு கூரேறும். ஆனால் துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும். மற்றொன்று துருவேறா எஃகு. அதில் குரோமியம் நூற்றுக்கு 10.5 பங்குக்குக் குறையாமல் இருக்கும். கடற்கரையிலும், மழை ஓயாத மேகாலயம் போன்ற நாட்டிலும் அதுவே வசதி. ஆயின் தீட்டுவதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். ‘காந்தம் ஒட்டினால் எவர்சில்வர் அன்று’ என்று பாத்திரக் கடையில் சொல்லும் சோதனை கத்திக்குப் பொருந்தாது. பாத்திரம் செய்யும் எவர்சில்வரில் பெரும்பாலானவை கத்திக்கு வேண்டிய கடினத்தைச் சூட்டினால் பெறுவதில்லை. கத்திக்குரிய துருவேறா எஃகு காந்தத்தால் ஈர்க்கப்படுவதே இயல்பு.

எஃகின் பெருமையைப் பேசும்போது, நம் தென்னாட்டைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் சான்றுகள் கிடைத்துள்ளன. மூசையில் இட்டு உருக்கிய தென்னிந்திய எஃகு மேலை நாடுகளில் ‘ஊட்ஸ்’ என்ற பெயரால் புகழ் பெற்றிருந்தது. நம் ‘உருக்கு’ என்னும் சொல்லோடும் கன்னடத்து ‘உக்கு’ என்னும் சொல்லோடும் அப்பெயர் உறவுடையது என்பர் அறிஞர். மின்சார ஆராய்ச்சியால் பின்னர் உலகப் புகழ் எய்திய மைக்கேல் ஃபாரடே, 1819-இல் இவ்வெஃகைப் பகுத்து ஆராய்ந்தார். அதன் இரகசியம் கரியின் அளவிலும் அதனைக் கையாண்ட கொல்லரின் பதத்திலும் இருந்தது.

பதம் என்று சொன்னோமே, அதுவே கத்தியின் குணத்தை முடிவு செய்கின்றது. கொல்லர் அலகைச் செந்தழலாகக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கின்றார். அப்போது எஃகு கடினமாகின்றது; அதனோடு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையும் பெறுகின்றது. மீண்டும் இளஞ்சூட்டில் வைத்து, மேற்பரப்பு வைக்கோல் நிறம் காட்டும்வரை வாட்டினால், கடினம் சிறிது குறைந்து உறுதி கூடுகின்றது. நேபாளத்துக் கொல்லர் காய்ந்த குக்ரியின் கூர்ப்பக்கத்தில் மட்டும் நீரை ஊற்றி, கூரைக் கடினமாகவும் முதுகை நெகிழ்வாகவும் ஆக்குவதுண்டு. இக்காலத்தில் அவர்களும், நம் ஊர்க் கொல்லர் பலரும், பழைய லாரிகளின் ஸ்பிரிங் பட்டையையே கத்திக்குப் பயன்படுத்துகின்றனர். அது குறைவான பொருள் அன்று. அதிர்ச்சி தாங்கும் நல்ல எஃகே ஆகும்.

வாங்குவோர் இப்பதத்தை எவ்வாறு அறிவது? கடைக்காரர் இசைந்தால், கூரின் அடிப்பகுதியில் சிறிய அரம் ஒன்றை மெல்ல இழுத்துப் பார்க்கலாம். மெழுகில் இறங்குவதுபோல் இறங்கினால், அது பதமேறாத இரும்பு. சிறிதும் பற்றாமல் வழுக்கி ஓடினால், நொறுங்கக் கூடிய மிகைக் கடினம். சற்றே தயங்கிப் பற்றினால் ஏற்ற பதம் என்று கொள்ளலாம். பின்னர் கத்தியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, கூர் நேர்க்கோடாகச் செல்கின்றதா என்று நோக்குக. பிடியை இறுகப் பற்றி, ஆட்டம் உண்டா என்று பார்க்க. நனைந்த கையால் பற்றினால் வழுக்குமா என்பதையும் சோதிக்க. விரல் கூரை நோக்கிச் சறுக்காதபடி பிடியின் முன்புறம் சிறு தடுப்போ பள்ளமோ இருத்தல் நலம். உறையையும் மறக்கலாகாது. தலைகீழாகப் பிடித்து அசைத்தாலும் கத்தி விழாத உறையே உறை.

வாங்கியாயிற்று, இனிக் கையாளும் முறை. காட்டில் கத்தியால் நேரும் தீங்குகளில் பெரும்பாலானவை தன் கையால் தனக்கே நேர்பவை. மருத்துவமனை தொலைவில் இருக்கும் இடத்தில் சிறு வெட்டும் பெருந்துன்பம் ஆகும். ஆதலின் சில விதிகளைப் பழக்கமாக்கிக்கொள்ளுதல் வேண்டும். கத்தியை உருவுமுன் சுற்றிலும் கை எட்டும் தொலைவுக்குள் ஒருவரும் இல்லை என்று பார்க்க வேண்டும். வெட்டு எப்போதும் உடலைவிட்டு வெளிநோக்கிச் செல்லுதல் வேண்டும். அமர்ந்து சீவும்போது இரு தொடைகளுக்கு நடுவே வைத்துச் சீவுதல் ஒருபோதும் ஆகாது. தொடையின் உட்புறம் ஓடும் பெருநாளம் அறுபட்டால் சில நிமிடங்களில் உயிருக்கே கேடு வரும். முழங்கையை முழங்கால்மீது ஊன்றி, முழங்காலுக்கு அப்பால் சீவுக. அல்லது காலுக்கு வெளிப்புறமாகத் திரும்பிச் சீவுக. கத்தியை ஏந்தியவாறு நடக்க வேண்டாம். வேலை முடிந்தவுடன் உறையில் இடுக. விழும் கத்தியைப் பிடிக்கக் கை நீட்டாது, காலை விலக்கிக்கொள்க. களைப்பும் இருளும் சேர்ந்த வேளையில் கத்தி வேலையை நிறுத்திவிடுக.

நம் வீட்டு முதியோர் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க விடமாட்டார்கள். தரையில் வைத்து, ‘எடுத்துக்கொள்’ என்பார்கள். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று காரணமும் சொல்வார்கள். காரணத்தை ஏற்பினும் ஏற்காவிடினும், வழக்கத்தை விட்டுவிட வேண்டாம். வழுக்கும் மலைச் சரிவில் அதனினும் சிறந்த பாதுகாப்பு வேறில்லை.

விறகு பிளக்கும் முறையைக் கூறுவோம். மணிக்கட்டளவு பருமனுள்ள உலர்ந்த கட்டையை உறுதியான மரத்தின்மேல் நிமிர்த்தி வைத்து, கத்தியின் கூரை அதன் தலையில் பொருத்தி, முதுகின்மேல் ஒரு தடியால் தட்ட வேண்டும். கல்லாலோ சுத்தியாலோ தட்டலாகாது. கணுவுள்ள கட்டையைத் தவிர்க்க. மழைக்காலத்தில் தரையில் கிடக்கும் விறகு ஊறிப் போயிருக்கும்; நின்றபடியே பட்டுப்போன கிளையின் உட்பகுதி பெரும்பாலும் உலர்ந்திருக்கும். அவ்வுட்பகுதியை விரற்பருமனாகப் பிளந்து, மேலிருந்து கீழாக மெல்லிய சுருள்களாகச் சீவி, அவை குச்சியிலிருந்து உதிராமல் நிற்கும்படி விட்டால், ஒரு தீக்குச்சியில் பற்றிக்கொள்ளும் பூப்போன்ற கொழுந்து கிடைக்கும். இதனை வீட்டிலேயே பத்து முறை பழகிய பின்னரே காட்டுக்குச் செல்லுதல் நன்று.

மூங்கிலைக் கையாள்வோர்க்கு இரு எச்சரிக்கைகள். பிளந்த மூங்கிலின் விளிம்பு கத்தியைப் போலவே கையை அறுக்கும். இரு கணுக்களுக்கு இடையே மூடியிருக்கும் மூங்கில் துண்டை அப்படியே நெருப்பில் இட்டால், உள்ளிருக்கும் காற்றும் நீராவியும் பெருகி வெடித்துச் சிதறும். முன்னதாகத் துளையிட்டோ பிளந்தோ இடுதல் வேண்டும்.

கத்தியைப் பேணுதலும் ஒரு கலையே. வீட்டு வாயிலில் காலால் மிதித்துச் சாணைச் சக்கரம் சுழற்றுவோரிடம் கொடுத்தால் விரைவில் கூர் கிடைக்கும். ஆனால் உலர்ந்த சக்கரத்தில் நெடுநேரம் அழுத்தினால், கூர் சூடேறி நீல நிறம் கொள்ளும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எத்தனை தீட்டினும் கூர் நிலைக்காது. நீர் தெளித்த சாணைக்கல்லில் பொறுமையாகத் தீட்டுவதே சிறந்தது. கல்லின்மேல் ஏறத்தாழ 20 பாகை சாய்வில் அலகை வைத்து, கல்லிலிருந்து மெல்லிய சீவல் எடுப்பவர்போல் முன்தள்ளி, இரு புறமும் ஒரே அளவு தீட்ட வேண்டும். கடைசியில் பழைய தோல் வாரில் பின்னோக்கி இழுத்தால் பிசிறு நீங்கும். நுனியால் தீயைக் கிளறுவது பதத்தைக் கெடுப்பதாகும். கரி எஃகுக் கத்தியைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் சிறிது தடவி வைக்கலாம். ஈரத் தோலுறையில் நெடுநாள் விட்டுவைத்தால் துரு தானே வரும். மழுங்கிய கத்தியே மிக ஆபத்தானது என்பதையும் நினைவில் வைக்க. கூர் இல்லாத இடத்தில் வலிமையைச் செலுத்துகிறோம். வலிமை மிகும்போது கத்தி வழி தவறுகின்றது.

கத்தியைப் பயன்படுத்தவே கூடாத ஓர் இடம் உண்டு. அது பாம்புக்கடி. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடிவாயைக் கீறிப் பெர்மாங்கனேட் தேய்க்கும் சிகிச்சையை மருத்துவர்களே பரிந்துரைத்தனர். அதற்கெனச் சிறு கத்தியும் மருந்தும் அடங்கிய சிமிழ்கள் நம் நாட்டில் வழங்கப்பட்டன. அது பயனற்றது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் கீறி உறிஞ்சும் பழக்கம் மக்கள் மனத்தைவிட்டு இன்னும் நீங்கவில்லை. கடிவாயை வெட்டுவதால் நஞ்சு வெளியேறாது. நஞ்சினால் இரத்தம் உறையாத நிலையில், அவ்வெட்டே உயிரைப் பறித்துவிடக் கூடும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் மாற்றாகும் மருந்து நம் நாட்டில் கிடைக்கின்றது. கடியுண்டவரை நடக்க விடாது, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம், வளை போன்றவற்றைக் கழற்றி, அம்மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்வதே செய்யத் தக்கது. கத்தி அவ்வேளையில் உதவுவது, தூக்குக் கட்டுவதற்குக் கொம்பு சீவ மட்டுமே.

கத்தியினால் காயம் நேர்ந்துவிட்டால், தூய துணியை வைத்துக் காயத்தின்மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்த்தலாகாது. உடலில் ஆழமாகக் குத்தி நிற்கும் கத்தியைப் பிடுங்கலாகாது. அசையாதபடி சுற்றிலும் துணி வைத்துக் கட்டி மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

பிற மாநிலத்தில் வாழும் நாம் மறவாமல் அறிய வேண்டியது சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘ஆயுதம்’ என்பதனுள் கத்தியையும் சேர்த்தே சொல்கின்றது. தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அதிகாரம் பெற்ற அலுவலரோ எழுத்து மூலம் முன்னரே இசைவு அளித்தாலன்றி, சரணாலயத்துக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் ஆயுதத்தோடு நுழைதல் குற்றம். அங்குத் தீ மூட்டுவதும், மரம் வெட்டுவதும் தடுக்கப்பட்டவை. முன்னர்க் கூறிய தால்மா மலையே ஒரு சரணாலயம்தான். கையில் இருப்பது சிறு கத்திதானே என்று வாதாடுவதில் பயனில்லை. காடு எத்தகையது, வழியெங்கும் எத்தகைய இசைவு வேண்டும் என்பதை வன அலுவலகத்தில் கேட்டறிந்து, அவர்கள் வேண்டாம் என்றால் கத்தியை வீட்டிலேயே விட்டுச் செல்லுதல் அறிவுடைமை.

இதனோடு 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் உண்டு. வீட்டுக்கும் உழவுக்கும் உரிய கருவிகளை அது ஆயுதமாகக் கருதவில்லை. ஆனால் அவ்வாறு அல்லாத கத்திகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டதோ 2 அங்குலத்துக்கு மேல் அகன்றதோ ஆயின், அரசு அறிவித்த பகுதிகளில் அதற்கு உரிமம் தேவைப்படும். ஆகவே டார்ஜிலிங்கில் நினைவுப் பொருளாக வாங்கிய பெரிய குக்ரியோடு வேற்றூர்த் தெருக்களில் உலவுவது தொல்லையை விலைக்கு வாங்குவதாகும். நாம் பரிந்துரைத்த நான்கைந்து அங்குலக் கத்தி இந்த வகையிலும் நன்மையுடையது. விமானப் பயணத்தில் எந்தக் கத்தியும் கைப்பையில் இருத்தல் ஆகாது. சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் உறையிட்டு வைக்க வேண்டும். பேருந்திலும் புகைவண்டியிலும்கூட அதனைப் பெட்டியின் அடியில் வைப்பதே தக்கது. புதிய ஊரில் மொழி தெரியாத நிலையில், இடையில் கத்தியோடு நிற்கும் ஒருவரைப் பிறர் எவ்வாறு காண்பர் என்பதை நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

தீயைப் பற்றி ஒரு சொல். 2018 மார்ச் மாதத்தில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைக்காட்டில் பரவிய தீயில், மலையேறச் சென்றிருந்தோரில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரம் தமிழகம் முழுவதையும் உலுக்கியது. உத்தராகண்டத்துச் சீட மரக் காடுகளிலும், கோடையில் உதிர்ந்து கிடக்கும் ஊசியிலைகள் எண்ணெய் வார்த்ததுபோல் எரியும். கத்தியால் கொழுந்து சீவக் கற்ற நாம், எங்கே அதனைப் பற்றவைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்றல் வேண்டும். பச்சை மரத்தில் பெயர் செதுக்குவதும், வேலையின்றிச் செடி கொடிகளை வெட்டி வீழ்த்துவதும் கத்தியறிவு உடையோர் செய்யும் செயல்கள் அல்ல.

ஆயுத பூசையன்று அடுக்களைக் கத்தியையும் அரிவாள்மணையையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டு வைக்கும் வழக்கத்தை, நம்மவர் எந்த ஊரிலும் விடுவதில்லை. வங்காளத்தார் விசுவகர்ம பூசையன்று தம் கருவிகளை வணங்குகின்றனர். மராட்டியர் நவராத்திரி முடிவில் வணங்குகின்றனர். குடகர் செப்டம்பர்த் தொடக்கத்தில் கயில்போள்து என்னும் ஆயுதத் திருவிழாவைக் கொண்டாடுகின்றனர். மொழி வேறாயினும் கருத்து ஒன்றே: நமக்கு உழைக்கும் கருவியை நாம் மதித்தல் வேண்டும் என்பது. அந்நாளில் நம் பிள்ளைகளை அருகே அமர்த்தி, கத்தியைத் தீட்டவும், துடைக்கவும், தரையில் வைத்து மாற்றவும், உறையிலிடவும் கற்றுக்கொடுப்போமாயின், அவர்கள் எந்த மலைக்குச் சென்றாலும் இரு கைகளும் நலமாக வீடு திரும்புவர்.